நலங்குப் பந்தின் எடை

மகனே,

பூப்பந்தைக் காற்று தடுத்துவிடும் என்று நீ கூடத்தில் பெரியவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்களுக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். நீ பேசி முடித்ததும் உன் சித்தப்பா தொடையைத் தட்டி, “எம்.எஸ்ஸி. படிச்சவன் சொல்றான், இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். அந்தக் கூடத்தில் பௌதிகம் படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். ஒருவர் பேசினார், மற்றவர் பாக்கு எண்ணிக்கொண்டிருந்தார். அன்று நான் எழுந்து வந்து பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். “உள்ளே போ” என்று உன் அப்பா சொல்லியிருப்பார், நானும் போயிருப்பேன். ஆகையால் எழுதுகிறேன். எழுத்தை உள்ளே போகச் சொல்ல முடியாது. இதைப் பிரதி எடுத்து அன்று கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அனுப்பப்போகிறேன். நீ பலர் முன்னால் சொன்னதற்குத் தனியாகப் பதில் சொல்வது நியாயம் ஆகாது. அவர்களில் நலங்கைப் பார்க்காதவர்களும் இருப்பதால், உனக்கு நன்றாகத் தெரிந்ததையும் முதலிலிருந்தே சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொண்டு படி.

வைகாசியில் உனக்கும் ருக்மிணிக்கும் கல்யாணம் நடந்தது. அவள் அப்பா பாங்கியில் அதிகாரி, வீடு டாலிகஞ்சில். பதினெட்டு வயது வரை பெண்ணைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார் என்று நம் உறவினர்கள் அவரை ஏசினார்கள். அதே காரணத்துக்காகத்தான் எனக்கு அந்த இடம் பிடித்தது. பெண் பார்க்கப் போன அன்று, வாசல் வழியாகப் போன டிராம் வண்டியின் எண்ணைக் கூடத்திலிருந்தபடியே படித்துச் சொல்லித் தன் தம்பியோடு பந்தயம் கட்டிக்கொண்டிருந்தாள். உன் அத்தையும் பக்கத்தில்தான் இருந்தாள். “கண்ணா இது, கழுகா?” என்று அவள்தான் சிரித்தாள். இதை அவள் இப்போது மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

நலங்கு அன்று பிற்பகல். நம் ஊர்ப்பக்கமாக இருந்தால் பந்துக்கு மல்லிகையைத் தளர்வாகச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கையில் எடுத்தால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். இங்கே அவ்வளவு மல்லிகைக்கு எங்கே போவது? கிடர்பூர் சந்தையில் மாலை கட்டும் வங்காளிக் கிழவரிடம் உன் அத்தை சாமந்திப் பந்து இரண்டு சொல்லிவிட்டு வந்தாள். “தேங்காய் அளவுக்கு இருக்கணும், பார்த்தா நன்னா எடுப்பாத் தெரியணும்” என்று கையால் காட்டினாள். அந்த அளவுக்கு வெறும் பூவாகக் கட்டினால் உதிர்ந்துபோகும். ஆகவே அவர் சிலை செய்கிறவர்கள் செய்வதுபோல உள்ளே வைக்கோலும் பழந்துணியும் வைத்துச் சுருட்டி இறுக்கி, அதன்மேல் பூவைத் தைத்துக் கொடுத்தார். இங்கே அதுதான் வழக்கம், அவர்மேல் குற்றமில்லை. வீட்டுக்கு வந்த பந்துகளைப் பார்த்த அத்தை, வெயிலில் பூ வாடாமல் இருக்க வேண்டுமென்று வாளித் தண்ணீரில் அமுக்கி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, நலங்கு ஆரம்பிக்கும் வரை வைத்தாள். ஊரிலும் அப்படித்தான் செய்வார்கள், அவள்மேலும் குற்றமில்லை. உள்ளே துணி இருப்பது அவளுக்குத் தெரியாது. அதைத் தண்ணீரில் போடுவார்கள் என்று கிழவருக்குத் தெரியாது. பூ நனைந்தால் தண்ணீர் வழிந்துவிடும். துணியும் வைக்கோலும் நனைந்தால் குடித்ததை விடுவதில்லை.

பாய்மேல் நீயும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்தீர்கள். அப்பளம் உடைத்தீர்கள். அவள் உன் தலையைச் சுற்றி உடைத்த அப்பளத்தின் ஒரு துண்டு பறந்து போய் உன் அப்பாவின் காப்பியில் விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய், அதுவரை. அதற்குப் பிறகு பந்து. அவள்தான் முதலில் போட வேண்டும். எடுத்தவுடனே, “அம்மாடி, என்ன கனம்!” என்றாள். அதை நான் கேட்டேன், பாடிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள், நீயும் கேட்டாய். ஒரு கையால் முடியாமல் இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தைக்குப் போடுவதுபோல மெதுவாகப் போட்டாள். அது உன் மார்பில் விழுந்து பட்டு அங்கவஸ்திரம் எல்லாம் நனைந்தது. அவளுடைய பெரியப்பா மகள் ஒருத்தி, “மைதானத்துல மாப்பிள்ளை பந்து போட்டா விக்கெட் விழும்னு சொன்னா. இங்க பந்து பட்டா மாப்பிள்ளையே விழுந்துடுவார் போல இருக்கே!” என்றாள். இன்னொருத்தி, “பிடிக்கத் தெரியாதோ என்னவோ, பாவம், போடத்தான் தெரியுமாம்” என்றாள். கல்யாண வீட்டில் பெண் வீட்டார் இதைவிட மோசமாகக் கேலி செய்வார்கள். என்னை உன் அப்பா வீட்டில் கேலி செய்ததை நினைத்தால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாய். நீ உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு முழங்காலை ஊன்றி எழுந்தாய். நலங்கில் யாரும் எழுந்து பந்து போடுவதில்லை. கை பின்னால் போயிற்று. மைதானத்தில் உன்னை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், வண்டிக்குள் இருந்தபடி. அதே கை, அதே தோள். பந்து போனது எனக்குத் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது, ஈரத்துணியைக் கல்லில் அடித்ததுபோல. அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துப் பெண்கள் பாட்டை நிறுத்தவில்லை. பாட்டு முழுவதும் முடிந்தது. ஆரத்தி எடுக்க அவளை நிமிர்த்தியபோதுதான் விரலிடுக்கில் ரத்தத்தைப் பார்த்தோம்.

வலக்கண். உள்ளுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று வெள்ளைக்கார டாக்டர் சொன்னார். எது பட்டது என்று கேட்டார். “பூ” என்றாள் உன் அத்தை. நான் அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பூவைக் கட்டிய பந்து என்று திருத்திச் சொன்னேன். அப்போதும் அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. இந்த வீட்டில் யாரோ இந்தப் பெண்ணை அடித்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். இப்போது யோசித்தால், அந்த மனிதர் நினைத்தது அவ்வளவு தவறில்லை என்றே தோன்றுகிறது. கட்டுப் போட்டு வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்துக் கிடந்தாள். கட்டைப் பிரித்தபோது அந்தக் கண்ணில் வெளிச்சம் இருட்டு என்ற வித்தியாசம்கூட மிஞ்சவில்லை.

ஆடி பிறந்ததும் அவளை அவள் அப்பா அழைத்துக்கொண்டு போனார். ஆவணியில் திரும்பி அழைத்து வர வேண்டும். யாரும் போகவில்லை. அதற்குள் உன் அத்தை ஆரம்பித்துவிட்டாள்: “பூ பட்டு யாருக்காவது கண்ணு போகுமோ? பொண்ணுக்குப் பிறவியிலேயே அந்தக் கண்ணுல கோளாறு. மறைச்சுத் தலையில கட்டிட்டா.” முதலில் சமையலறையில் சொன்னாள். பிறகு பவானிபூர் வரைக்கும் தெரிந்த எல்லா வீட்டிலும் சொன்னாள். ஜாதகம் பொருந்துகிறது என்று சொன்ன அதே ஜோசியர், இப்போது பார்த்தால் நேத்திர தோஷம் இருக்கிறது என்றார். கண் போன பிறகு கண்டுபிடிப்பது எந்த சாஸ்திரமோ எனக்குத் தெரியாது. இதெல்லாம் அறியாமை, விட்டுவிடலாம் என்று இருந்தேன். உன்னைக் கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று நம்பினேன். நம்பிக்கை வைப்பது எனக்குப் பழக்கமில்லை. உன் விஷயத்தில் மட்டும் அந்தப் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது.

ருக்மிணியின் அப்பா வந்து உட்கார்ந்தார். உன் அப்பா, சித்தப்பா, இன்னும் பெரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: “என் பொண்ணு கண் நன்னாத்தான் இருந்ததுன்னு மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லணும்.” நீ தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாய். எறிகிற எந்தப் பொருளையும் காற்று எதிர்க்கும். பரப்பு அதிகமாகவும் எடை குறைவாகவும் இருந்தால் அந்த எதிர்ப்பு வேகத்தைத் தின்றுவிடும். இறகை எவ்வளவு பலமாக எறிந்தாலும் எட்டடி போகாது. பூப்பந்தும் அப்படித்தான், போய்ச் சேரும்போது அதில் வேகமே இருக்காது. ஆகவே கண்ணில் ஏற்கெனவே ஏதோ பலவீனம் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது நடக்க நியாயமில்லை. இதைச் சொல்ல நீ கையை ஆட்டிக் காட்டினாய், நடுவில் இங்கிலீஷ் வார்த்தைகளைப் போட்டாய். அவர் பாவம், கணக்கு வழக்கில் இருப்பவர். “நான் அந்தப் பந்தைக் கையில எடுத்துப் பார்த்தேன், மாப்பிள்ளை. கனமா இருந்தது” என்றார். “எடுத்தா எல்லாம் கனம்தான், ஓய். எறிஞ்சாத்தானே காத்து தடுக்கும்!” என்றார் உன் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ருக்மிணியின் அப்பா மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நான் மடித்து அனுப்பிய வெற்றிலையைத் தொடாமல் போனார்.

நீ சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க உன் சித்தப்பாவால் முடியாது. என்னால் முடியும். பட்டணத்தில் நான் பி.ஏ. படித்தபோது வகுப்பில் பெண்கள் இரண்டு பேர், சுவரோரம் தனி பெஞ்சு. புரொபஸர் நீளமான கண்ணாடிக் குழாயில் ஒரு காசையும் இறகையும் போட்டுக் கவிழ்ப்பார். காசு முதலில் விழும், இறகு தள்ளாடிக்கொண்டு பிறகு வரும். காற்றை இறைத்துவிட்டுக் கவிழ்த்தால் இரண்டும் ஒன்றாக விழும். ஆண்பிள்ளைகள் எல்லோரும் பார்த்து முடித்த பிறகு எங்களை அருகில் வந்து பார்க்கச் சொல்வார். அதற்குள் குழாயில் காற்று கொஞ்சம் புகுந்திருக்கும். எங்களுக்கு மட்டும் இறகு சற்றுத் தாமதமாகவே விழுந்தது. அதையும் குறித்துக்கொண்டுதான் பரீட்சை எழுதினேன். அந்தப் பட்டம் இந்த வீட்டில் எதற்குப் பயன்பட்டது? பக்கத்து வீடுகளுக்குத் தந்தி வந்தால் படித்துச் சொல்ல. இறந்த செய்தியை அழாமல் படிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

உனக்குப் பதினொரு வயதில், எதிர்வீட்டு மித்திர பாபுவின் மாடி ஜன்னலை உன் கிரிக்கெட் பந்து உடைத்தது. அவர் படியேறி வந்தார். நீ சிறிதும் பயப்படாமல், “நான் நேராத்தான் போட்டேன், காத்து தள்ளிடுத்து” என்றாய். அன்று மரத்தில் ஒரு இலை அசையவில்லை. உன் அப்பா வாய்விட்டுச் சிரித்து, “பார்த்தியாடி, வக்கீலாப் போவான்” என்றார். மித்திர பாபுவும் சிரித்துவிட்டு, “துஷ்டு சேலே” என்று உன் கன்னத்தைக் கிள்ளினார். குறும்புக்காரப் பையன் என்று ஒரு வார்த்தையில் முடிந்துபோயிற்று. கண்ணாடி போட ஆள் வந்தான். அன்று உன்னை யாரும் ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தி, காற்று எங்கே என்று கேட்கவில்லை. நீ புத்திசாலி என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம். அதன்பிறகு உனக்கு உண்மை பேச அவசியமே ஏற்படவில்லை.

இப்போது கணக்கைப் பார். காற்றின் எதிர்ப்பு பந்தின் அளவையும் அது போகும் வேகத்தையும் பொறுத்தது. பந்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று காற்றுக்குத் தெரியாது. ஒரே அளவுள்ள காய்ந்த பந்தையும் நனைந்த பந்தையும் ஒரே வேகத்தில் எறிந்தால், காற்று இரண்டையும் ஒரே பலத்தோடுதான் பிடித்து இழுக்கும். ஆனால் லேசானது அந்த இழுப்புக்கு நின்றுபோகும், கனமானது அதைப் பொருட்படுத்தாமல் போகும். ஒரே கை பிடித்து இழுத்தாலும் குழந்தை நிற்கும், மாடு நிற்காது. நீ எடையைப் பற்றிப் பேசினாய், அந்தப் பந்தின் எடையை மட்டும் சொல்லவில்லை. இறகின் கணக்கை எடுத்து, நனைந்த துணி மூட்டைக்குப் போட்டாய். இதை நீ பாடம் நடத்தும் காலேஜில் ஒரு மாணவன் செய்திருந்தால் நீ தாளைக் கிழித்திருப்பாய். இன்னொன்றும் இருக்கிறது. காற்று வேலை செய்ய இடம் வேண்டும். உனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பாய்தான் இருந்தது. நீ முழங்காலில் எழுந்து முன்னால் சாய்ந்தபோது பாதிப் பாய். அந்தத் தூரத்தில் காய்ந்த பூவைக்கூடக் காற்று பெரிதாகத் தடுத்துவிடாது. காற்றுக்கு அங்கே செய்ய ஒன்றுமே இல்லை, அப்பா. நின்று பார்த்துக்கொண்டிருந்தது, எங்களைப்போல.

நான் சொல்வதையும் வெறும் வார்த்தையாக நம்ப வேண்டாம் என்று, அதே கிழவரிடம் அதே அளவில் இரண்டு பந்து வாங்கி வந்தேன். ஒன்றை வாளியில் போட்டேன், மற்றதை அப்படியே வைத்தேன். சமையலறைத் தராசில் நிறுத்தபோது நனைந்தது மற்றதைப்போல மூன்று மடங்குக்குக் கிட்ட வந்தது. மாடிக்குக் கொண்டுபோய், பலகையில் பிசைந்த கங்கை மண்ணைத் தடவிச் சுவரில் சார்த்திவிட்டு எறிந்தேன். நான் பந்து எறிந்து பழகியவள் இல்லை. தோள் பிடித்துக்கொண்டது. மொட்டைமாடியின் கோடியிலிருந்து எறிந்தால் காய்ந்த பந்து இதழ்களை உதிர்த்துக்கொண்டு சோர்ந்து, சுவருக்கு முன்னாலேயே விழுந்தது. நனைந்தது போய் அடித்தது. பிறகு பாய் அளவுத் தூரத்தில் நின்று எறிந்தேன். காய்ந்தது மண்ணில் இதழின் அடையாளம் பதித்தது. நனைந்தது என் முஷ்டி புகும் அளவுக்குக் குழி போட்டது. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்பிள்ளையின் கையால். அடுத்த மாடியில் வடாம் காய வைத்துக்கொண்டிருந்த மித்திர பாபுவின் மனைவி எட்டிப் பார்த்து, “ஓ தீதி, கீ ஹொச்சே?” என்று கேட்டாள். என்ன நடக்கிறதாம். “கேலா” என்றேன். விளையாட்டு. அவள் சிரித்தாள். நம் வீட்டிலும் அதற்கு அதே பெயர்தான் வைத்திருக்கிறோம்.

அந்தப் பலகையை உன் அப்பாவிடம் காட்டினேன். சுங்க இலாகாவில் இத்தனை வருஷம் மூட்டையைத் தூக்கிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்பவர். குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, “நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா தை மாசத்துக்கு வாக்குக் கொடுத்தாச்சேடி” என்றார். தை மாதத்தில் உனக்கு இரண்டாம் கல்யாணம் என்பதும், மாசியில் புது மனைவியோடு ரங்கூன் உத்தியோகத்துக்குக் கப்பல் ஏறுகிறாய் என்பதும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. நீ சித்தப்பா வீட்டில் போய்த் தங்கிக்கொண்டதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. புதுப்பெண்ணின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பந்தின் எடை, உன் கை, உன் முகம் எல்லாவற்றையும். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆம்பளைன்னா கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்யும், மாமி. எங்க பொண்ணுக்கு அனுசரிச்சுப் போகத் தெரியும்” என்றாள். காப்பியும் கொடுத்தாள். ஆகையால் உன் கல்யாணம் நிற்காது. சட்டம் உன் பக்கம், சாஸ்திரம் உன் பக்கம், இப்போது பௌதிகத்தையும் உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

போன வாரம் வண்டி வைத்துக்கொண்டு டாலிகஞ்சுக்குப் போனேன். ருக்மிணி எனக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தாள். டம்ளரின் விளிம்பை இடது கை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அந்த விரலை ஒட்டினாற்போல ஊற்றினாள். ஒரு கண்ணால் பார்ப்பவர்களுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. விரல் சுட்டிருக்க வேண்டும், முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, நிறுத்ததையும் எறிந்ததையும் களிமண்ணில் விழுந்த குழியையும் சொன்னேன். படித்தவர்களுக்கே உரிய அசட்டுத்தனம் அது.

“எதுக்கும்மா அளக்கணும்?” என்றாள். “நான் அவர் முகத்தைப் பார்த்தேனே. அந்தக் கண்ணால நான் கடைசியாப் பார்த்தது அதுதான்.”

பிறகு, அவனோடு திரும்பி வாழ ஆசையிருந்தால் நான் முயற்சி செய்கிறேன் என்றேன். “வேண்டாம்” என்றாள். யோசிக்கவேயில்லை. “வேற ஏதாவது?” என்று கேட்டேன். உள்ளே பார்த்தாள். அவள் தங்கை அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “இவளுக்குப் பேசி முடிச்சிருந்தா. அவா வந்து, குடும்பத்துலயே கண் கோளாறு இருக்காமே, மாப்பிள்ளையே சொன்னாராமேன்னு நிறுத்திட்டா. அப்பா வெளியில போறதே இல்லை. அவ கண்ணு நன்னாத்தான் இருந்தது, நான்தான் கோபத்துல எறிஞ்சேன்னு அவர் சொல்லணும். யார் முன்னால அப்படிச் சொன்னாரோ, அவா முன்னாலயே சொல்லணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்மா.” பிறகு, “கேட்டா சொல்லுவாரா?” என்றாள். பொய் சொல்ல மனமில்லாமல், “தெரியாது” என்றேன்.

ஒரு தாயாக உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதிகள் நிறைய இருக்கின்றன. ரங்கூன் போகிறாய், புதுப்பெண் வருகிறாள். அவளிடம் தோற்கப் பழகு என்று சொல்லலாம். நலங்கில் தோற்பவன் பிற்பாடு அதிகமாக ஜெயிக்கிறான் என்று எதையாவது அழகாக எழுதலாம். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நீ கேட்க மாட்டாய் என்பது தெரியும். உன்மேல் எனக்கு இருப்பது கோபம் என்றுதான் சில மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை, வெட்கம். முகம் சுளித்த அந்த நிமிஷத்துக்காக அல்ல. நிமிஷக் கோபம் யாருக்கும் வரும், எனக்கு இப்போதும் வருகிறது. நல்ல வெளிச்சத்தில், முகச்சவரம் செய்து, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, படித்த படிப்பையெல்லாம் திரட்டி, அந்தப் பெண்ணின் இன்னொரு கண்ணையும் குத்தினாயே, அதற்காக.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை டாலிகஞ்சில் ருக்மிணியின் வீட்டுக்கு வரும்படி, அன்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் சொல்லியனுப்பியிருக்கிறேன். உன் அப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டார். உன் சித்தப்பா வருவதும் வராததும் நீ வருவதைப் பொறுத்தது. நீ வராவிட்டால் நான் எழுந்து சொல்வேன். நான் சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள் என்பது உனக்கும் தெரியும். பொம்மனாட்டி மாடியில் பந்து விளையாடிவிட்டு வந்து பேசுகிறாள் என்பார்கள், அந்தத் தங்கைக்கு நின்றுபோன கல்யாணம் நின்றதாகவே இருக்கும். உன் வார்த்தையால் போனது உன் வார்த்தையால்தான் திரும்பும். அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். உன்னை நல்லவனாக்க அல்ல, அதற்கு வயது தாண்டிவிட்டது.

வந்தால், விளக்கம் எதுவும் வேண்டாம். காற்று, எடை, வேகம் ஒன்றும் பேசாதே. கண் நன்றாக இருந்தது, கோபத்தில் எறிந்தேன், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டு அவளைச் சங்கடப்படுத்தாதே. அதற்கு அவள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்கு வலப்பக்கமாகப் போய் உட்காராதே. அங்கே உட்கார்ந்தால் உன்னைப் பார்க்க அவள் தலையை முழுவதும் திருப்ப வேண்டும். எதிரே, வெளிச்சத்தில் உட்கார். நீ அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருக்கிறது என்று அவள் பார்க்கட்டும்.

அம்மா